போனில் வருகிறது, கம்ப்யூட்டரில் வரவில்லை!

ஊவாத் தோட்டங்களில் பழைய கணினிகளை மூலையில் தள்ளும் வைஃபை கோளாறு: பிழை எங்கே, நட்டம் யாருக்கு?

சனிக்கிழமை காலை. பசறைப் பக்கமிருந்து வந்த பஸ் பதுளை பஸ் நிலையத்தில் நிற்கிறது. முன்வாசல் வழியாக முதலில் இறங்குவது ஓர் உரப்பை. பழைய துவாய் ஒன்றில் சுற்றிய கம்ப்யூட்டர் பெட்டி அதற்குள் இருக்கிறது. அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஒரு தகப்பன் நடக்கிறார். பின்னால் உயர்தரம் முடித்த மகள்; கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு, அதற்குள் பெறுபேற்றுத் தாள்.

கடையில் பெட்டியை மேசைமேல் வைத்ததும் தகப்பன் சொல்கிறார்: "தம்பி, போன்ல வைஃபை வருது. இதுல மட்டும் வருதில்ல."

"எப்ப இருந்து அண்ணே?"

"மழைக்குக் கூரை ஒழுகிச்சு. பெட்டிய அந்தப் பக்கமா தூக்கி வச்சோம். அதுல இருந்துதான்."

அந்த ஒரு வரி போதும். பழுது பார்க்கும் தம்பி பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றுகிறார். உள்ளங்கை அளவான பச்சை வைஃபை அட்டை ஒன்று அதன் குழியிலிருந்து ஒரு பக்கம் எழும்பி நிற்கிறது. அதை உருவியெடுத்து, பொன்னிறப் பற்களைப் பள்ளிப் பிள்ளைகளின் அழிறப்பரால் இரண்டு பக்கமும் தேய்க்கிறார். கறுப்பாக அழுக்கு உருண்டு விழுகிறது. திரும்பவும் குழியில் வைத்து அழுத்தி, திருகாணியை முடுக்குகிறார். கரண்ட் கொடுத்ததும் திரையின் வலது மூலையில் இருந்த சிவப்புப் புள்ளடி மறைந்து, வைஃபை பெயர்கள் வரிசையாக எழும்புகின்றன.

பத்து நிமிட வேலை. கடைக்காரர் வாங்கிய கூலியும் சொற்பம். ஆனால் அன்றைய நாட்பேர், அதாவது நாட்சம்பளம், போனது போனதுதான். இரண்டு பேருக்கு பஸ் காசு, பெட்டி வைக்க இடம் கேட்டு நடத்துனரோடு வாக்குவாதம், மகளின் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் கைவிட்டுப் போன நாட்கள் எல்லாவற்றையும் கூட்டினால் அந்த அழிறப்பர் வேலைக்கு இந்தக் குடும்பம் கொடுத்த விலை தெரியும்.

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமன்று. பதுளை, பண்டாரவளை, ஹாலிஎல, வெலிமடை என்று எந்த ஊரின் கம்ப்யூட்டர் கடையில் போய் நின்றாலும் காதில் விழுகிற முறைப்பாடு இதுதான்: போனில் வருகிறது, கம்ப்யூட்டரில் வரவில்லை.

மலையேறிப் பிடித்த சிக்னல்

2020 மார்ச்சில் கொவிட் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது ஊவாவின் பிரச்சினை வேறாக இருந்தது. அப்போது பல இடங்களில் சிக்னலே கிடையாது. 2021இல் பதுளை மாவட்டத்தின் பொஹிட்டியாவ கிராமத்து மாணவர்களும் ஆசிரியையும் பாடங்களை இறக்கவும் ஏற்றவும் காட்டு வழியாகப் பாறை உச்சிக்கு நடந்து போனதையும், லுணுகலைப் பக்கத்தில் பிள்ளைகள் மரத்தின் மேல் கட்டிய பரணில் உட்கார்ந்து படித்ததையும் உலகச் செய்தி நிறுவனங்கள் படம் பிடித்துப் போட்டன. நாட்டின் 43 இலட்சம் மாணவர்களில் அதிகம் போனால் நூற்றுக்கு நாற்பது பேருக்குத்தான் இணைய வகுப்பு எட்டுகிறது என்று இலங்கை ஆசிரியர் சங்கச் செயலாளர் ஜோசப் ஸ்டாலின் அப்போது சொன்னார்.

அதற்குப் பிறகு கோபுரங்கள் கூடின. நான்காம் தலைமுறை ரூட்டர் பல லயங்களின் இஸ்தோப்பு வரைக்கும் வந்துவிட்டது. சிக்னல் இல்லாத பள்ளத்தாக்குகள் இன்றும் உண்டு. அது தனியாக எழுத வேண்டிய கதை. இங்கே பேசுவது சிக்னல் வந்து சேர்ந்த வீட்டைப் பற்றி. மலையைத் தாண்டி, தேயிலையைத் தாண்டி ரூட்டர் வரைக்கும் வந்த இணையம், ரூட்டரிலிருந்து மேசை மேலிருக்கும் கம்ப்யூட்டருக்குப் போகிற பத்தடியில் நின்றுவிடுகிறது. அந்தப் பத்தடிக்குக் கோபுரம் தேவையில்லை, அமைச்சரவைப் பத்திரம் தேவையில்லை. வீட்டில் இருக்கிறவர்களுக்கு எங்கே பார்ப்பது என்று தெரிந்தால் போதும்.

புதியது வாங்கினால் என்ன?

வாங்க முடியாது, அதுதான் காரணம். 2022 மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர், மே மாதமாகும்போது 360 ரூபாவைத் தொட்டது. கம்ப்யூட்டரின் ஒவ்வொரு பாகமும் டொலரில் வருகிறது. மறுபக்கம், தோட்டத் தொழிலாளியின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபா, 2024இல் 1,350 ரூபா. 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாடு முழுவதும் ஏறத்தாழ ஐந்து வீட்டுக்கு ஒரு வீட்டில்தான் கணினி இருந்தது. தோட்டப்புறத்தில் அது மிகமிகக் குறைவு.

ஆகவே தோட்டத்துக்கு வருகிற கம்ப்யூட்டர் பெரும்பாலும் இன்னொருவர் பாவித்துக் கழித்தது. கொழும்பில் கடையில் வேலை செய்யும் அண்ணன் முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்தது, அலுவலகம் ஏலத்தில் விட்டது, வெளிநாட்டிலிருந்து கொள்கலனில் வந்திறங்கிய பழைய மடிக்கணினி. இவற்றுக்கு வயது பத்து, பதினைந்து. அலுவலகத்தில் கேபிளில் ஓடிய மேசைக் கணினிகளில் வைஃபை வசதியே இருக்காது. யாரோ ஒருவர் அட்டை செருகியோ, யூஎஸ்பி அடாப்டர் குத்தியோ கொடுத்திருப்பார். கோளாறு தொடங்குவது அங்கேதான்.

இதோடு 2025 ஒக்டோபர் 14 வந்து சேர்ந்தது. அன்றோடு விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11க்குப் போக இன்டெல் எட்டாம் தலைமுறையோ அதற்கு நிகரானதோ ஆன செயலியும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். தோட்டத்துக் கணினிகளில் பெரும்பாலானவற்றில் இரண்டும் இல்லை. "இனி உங்கட மெஷின் சரிவராது" என்ற பேச்சு அதிலிருந்து கடைகளில் கூடியிருக்கிறது. வைஃபை வராவிட்டாலும் அதே பதில்தான். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஆதரவு முடிந்த விண்டோஸ் 10இலும் வைஃபை வேலை செய்யும். பதிவு செய்துகொண்டால் வீட்டுப் பாவனையாளருக்கான நீடித்த பாதுகாப்பு இற்றைப்படுத்தல் 2026 ஒக்டோபர் 13 வரை கிடைக்கும் என்றும் மைக்ரோசொஃப்ட் அறிவித்திருக்கிறது.

கம்ப்யூட்டருக்கு அடாப்டர் தெரிகிறதா?

கடைக்குத் தூக்குவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. விண்டோஸ் 10இல் ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்தால் டிவைஸ் மேனேஜர் வரும். அதில் நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்ற வரியைத் திறந்தால், வயர்லெஸ் என்றோ 802.11 என்றோ சொல்லுடன் ஒரு பெயர் இருக்க வேண்டும். அந்தப் பெயர் எப்படி நிற்கிறது என்பதில் பாதி நோய் தெரிந்துவிடும்.

பெயரே இல்லையென்றால், பெரும்பாலும் கம்ப்யூட்டரின் கண்ணில் அடாப்டர் படவில்லை. பெட்டியை நகர்த்திய பிறகு வந்த கோளாறென்றால் அட்டை தளர்ந்திருக்கும். கரண்டைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, மேலே சொன்ன அழிறப்பர் வைத்தியத்தை வீட்டிலேயே செய்யலாம். பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கத்துக் குளிரிலும் ஈரத்திலும் அந்தப் பற்களில் கறை பிடிப்பது சாதாரணம். யூஎஸ்பி அடாப்டரானால் முன்பக்கத் துளையிலிருந்து கழற்றிப் பின்பக்கத்தில் குத்திப் பாருங்கள். முன்பக்கத் துளைகள் மெல்லிய கம்பி வழியாகத் தாய்ப்பலகைக்குப் போகின்றன. பழைய பெட்டியில் அந்தக் கம்பி தளர்ந்து, போதிய மின்சாரம் அடாப்டருக்கு வருவதில்லை.

மடிக்கணினியில் பெயர் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் இயங்கவில்லை என்றால், பக்கவாட்டில் ஒரு சிறு தள்ளுபொத்தான் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். 2010ஐ ஒட்டிய பல மாதிரிகளில் வைஃபையை நிறுத்தும் சுவிட்ச் அப்படித்தான் இருந்தது. பைக்குள் வைத்து எடுக்கும்போது அது தானாகவே நகர்ந்துவிடும். சிலவற்றில் மேல்வரிசை விசை ஒன்றில் கோபுரப் படம் இருக்கும். அதையும் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். இந்த ஒரு சுவிட்சுக்காக மலை இறங்கி வந்த மடிக்கணினிகளைக் கடைக்காரர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள்.

பெயர் இருக்கிறது, பக்கத்தில் கீழ்நோக்கிய அம்புக்குறி இருக்கிறது என்றால் யாரோ அதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வலது கிளிக் செய்து எனேபிள் கொடுத்தால் வேலை முடிந்தது.

பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் நிற ஆச்சரியக்குறி இருந்தால் அது ட்ரைவர் விவகாரம். கடையில் பணம் வீணாவது அதிகமும் இங்கேதான்.

"ஃபோமட் அடிச்சா சரி"

அடாப்டர் என்ற பொருளைக் கம்ப்யூட்டர் ஆள்வதற்கான மென்பொருள்தான் ட்ரைவர். அது கெட்டுப்போனாலும் பிழையானது ஏறினாலும் மஞ்சள் குறி விழும். இதற்குப் பல கடைகளில் ஒரே மருந்து வைத்திருக்கிறார்கள்: முழுவதையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவது. மருந்து நோயைக் கூட்டுகிறது. புதிய விண்டோஸில் பழைய அடாப்டருக்குரிய ட்ரைவர் இல்லாமல் போகலாம். அதை இறக்க இணையம் வேண்டும். இணையத்துக்கு அந்த ட்ரைவர் வேண்டும். இதற்கிடையில் மகனின் செயற்றிட்டம், கலியாணப் படங்கள், அடையாள அட்டைப் பிரதிகள் எல்லாம் அழிந்துபோயிருக்கும். ட்ரைவர் கோளாறுக்கு ஃபோமட் அடிக்கத் தேவையே இல்லை. கடைக்காரர் அதைத்தான் முதலில் சொல்கிறார் என்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். மஞ்சள் குறியுள்ள பெயரில் வலது கிளிக், ப்ரொபர்டீஸ், டீடெய்ல்ஸ், ஹார்ட்வேர் ஐடீஸ். அங்கே வரும் எண்தான் அடாப்டரின் அடையாள அட்டை. பெட்டியின் மேல் என்ன பிராண்ட் ஒட்டியிருந்தாலும் உள்ளே இருக்கும் சில்லு எது என்று இந்த எண் சொல்லும்.

▣ எண் சொல்லும் பெயர்
உள்ளே செருகிய அட்டையில் உற்பத்தியாளர் எண் 8086 என்றால் இன்டெல்; 168சி என்றால் அதெரோஸ்; 14ஈ4 என்றால் புரோட்கொம்; 10ஈசி என்றால் ரியல்டெக். யூஎஸ்பி அடாப்டரில் 0பிடிஏ என்றால் ரியல்டெக். 148எஃப் என்றால் ராலிங்க். ஒரே மாதிரிப் பெயரில் வேறு வேறு சில்லுகள் வருவதும் உண்டு. டிபி-லிங்க் நிறுவனத்தின் பிரபலமான டபிள்யூஎன்722என் அடாப்டரின் முதலாம் பதிப்பில் அதெரோஸ் சில்லு. இரண்டாம், மூன்றாம் பதிப்புகளில் ரியல்டெக். பின்பக்கத்து ஸ்டிக்கரில் பதிப்பு எண்ணைப் பார்த்த பிறகே ட்ரைவர் தேட வேண்டும்.

எண்ணைக் குறித்துக்கொண்டு, கம்ப்யூட்டரையோ அடாப்டரையோ தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டும் ட்ரைவரை இறக்குங்கள். "எல்லா ட்ரைவரையும் தானாகப் போடும்" என்று விளம்பரம் காட்டும் இலவச மென்பொருட்களை அண்டவிடாதீர்கள். அவை கூடவே கொண்டுவரும் வேண்டாத சாமான்களால் பழைய மெஷின் நடக்கவே முடியாமல் போகும்.

இணையம் இல்லாத மெஷினுக்கு எப்படி இறக்குவது? கையிலிருக்கும் அண்ட்ரொய்ட் போன் போதும். போனைச் சார்ஜ் வயரால் கம்ப்யூட்டரில் குத்தி, செட்டிங்ஸில் யூஎஸ்பி டெதரிங் என்பதைப் போட்டால், விண்டோஸ் 7இலிருந்து பெரும்பாலான கணினிகள் போனையே ஒரு நெட்வொர்க் அட்டையாக ஏற்றுக்கொள்ளும். போனின் டேட்டாவும் தீர வேண்டியதில்லை. போன் வீட்டு ரூட்டரின் வைஃபையில் இருந்தால், பெரும்பாலான மாதிரிகளில் அந்த இணையம்தான் வயர் வழியாக உள்ளே போகும். விண்ணப்ப முடிவுத் திகதி நாளைக்கு என்று நிற்கிற வீட்டில் அடாப்டரைத் திருத்துவதை ஒத்திவைத்துவிட்டு முதலில் செய்ய வேண்டியது இது. ரூட்டரின் பின்பக்கத்தில் லேன் துளை இருந்தால் இன்னும் நல்லது. பழைய மேசைக் கணினி ஏறத்தாழ எல்லாவற்றிலும் அதற்கேற்ற துளை இருக்கிறது. ஒரு கேபிள் போட்டால் வைஃபையே தேவையில்லை.

அடாப்டர் செத்ததா, விண்டோஸ் கெட்டதா என்று சந்தேகம் தீரவில்லையென்றால் லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவ் ஒன்றிலிருந்து மெஷினை எழுப்பிப் பார்க்கலாம். லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்றவை கணினியில் பதியாமலே பென் டிரைவிலிருந்து ஓடும். அதில் வைஃபை வந்தால் அடாப்டர் நலம், குற்றம் விண்டோஸில். வராவிட்டால் மட்டும் உடனே தீர்ப்புச் சொல்லக்கூடாது. புரோட்கொம் சில்லுகள் சிலவற்றுக்கு லினக்ஸிலும் தனியாக ட்ரைவர் ஏற்ற வேண்டும்.

பக்கத்து வீட்டு வைஃபை தெரிகிறது, நம்முடையது இல்லை

வினோதமாகத் தோன்றும் இந்தக் கோளாறுக்கு இரண்டு நேரான காரணங்கள் உண்டு.

ஒன்று, அலைவரிசை. புதிய ரூட்டர்கள் 2.4 கிகாஹேர்ட்ஸ், 5 கிகாஹேர்ட்ஸ் என இரண்டிலும் பேசும். 2013க்கு முந்திய மலிவான அடாப்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். ரூட்டரில் 5 மட்டும் திறந்திருந்தால் போனுக்குக் கேட்கும், பழைய கணினிக்குக் கேட்காது. ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் 2.4ஐயும் திறந்து, அதற்கு வேறு பெயர் வைத்தால் சரி.

மற்றது சனல். கடைக்காரர்களிலேயே பலருக்கு இது பிடிபடுவதில்லை, அதனால் கீழே தனியாகப் போடுகிறோம்.

▣ 12, 13 என்ற சனல்கள்
2.4 கிகாஹேர்ட்ஸில் நம் ஊர் ரூட்டர்கள் 1 முதல் 13 வரையான சனல்களில் இயங்கலாம். அமெரிக்காவில் சாதாரணப் பாவனை 11 வரைக்கும்தான். அமெரிக்கச் சந்தைக்குச் செய்த மடிக்கணினி இங்கே பாவித்த பொருளாக வந்திறங்கினால், 12ஆம், 13ஆம் சனல்களை அது தேடியே பார்க்காமல் விடலாம். ரூட்டர் தானாகச் சனல் தேர்ந்தெடுக்கும் நிலையில் இருந்தால், இன்று 6ஆம் சனலில் இருந்து வேலை செய்யும். நாளை 13க்கு மாறி மாயமாகிவிடும். ரூட்டரில் 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றை நிரந்தரமாக வைத்துவிடுங்கள்.

மடிக்கணினியில் இன்னொன்றும் நடக்கும். ரூட்டருக்குப் பக்கத்தில் வைத்தால் வருகிறது, அடுத்த காம்பராவுக்குப் போனால் இல்லை. அண்மையில் விசிறி துப்புரவு செய்யக் கொடுத்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள். வைஃபை அட்டையின் தலையில் நூல் தடிப்பில் இரண்டு வயர்கள் மாட்டியிருக்கும். அன்டனாவுக்குப் போகிற வயர்கள் அவை. திரையின் ஓரங்களுக்குள் ஓடுகின்றன. மூடும்போது அவற்றை மாட்ட மறந்தால் அட்டை செவிடாகிவிடும். மெல்ல வைத்து நகத்தால் அழுத்தினால் "டிக்" என்று பிடிக்கும்.

அட்டையையே மாற்ற நினைப்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. பழைய ஹெச்பி, லெனோவோ திங்க்பேட் மாதிரிகள் பலவற்றில், நிறுவனம் அனுமதித்த அட்டையைத் தவிர வேறொன்றைச் செருகினால் மெஷின் எழும்பவே மறுக்கும். திங்க்பேட்டில் 1802 என்ற பிழை எண் வரும். அப்படிப்பட்டவற்றுக்கு வெளியே குத்தும் யூஎஸ்பி அடாப்டர்தான் வழி.

இணைந்துவிட்டது, தளம் திறக்கவில்லை

திரையின் மூலையில் வைஃபை முழுதாக நிற்கிறது, தளத்தைத் திறந்தால் "பாதுகாப்பற்ற இணைப்பு" என்று சிவப்பாக எச்சரிக்கை. இப்படியானால் முதலில் திகதியைப் பாருங்கள். 2010 என்றோ அதற்கும் முந்திய ஆண்டென்றோ காட்டினால், தாய்ப்பலகையில் இருக்கும் 2032 என்ற வில்லை பற்றரி தீர்ந்துவிட்டது. இன்றைய தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் எல்லாம் அந்தப் பழைய திகதிக்குப் பிறகு வழங்கப்பட்டவை. கம்ப்யூட்டர் அவற்றை நம்ப மறுக்கிறது. மணிக்கூட்டுக் கடையிலும் கிடைக்கும் சிறு பற்றரி அது. நம் பகுதியில் இது வேகமாகத் தீர்வதற்கும் காரணம் உண்டு. சுவரில் கரண்ட் இருக்கும்வரை கடிகாரத்தை அந்தக் கரண்ட் ஓட்டும். இடிமின்னலுக்குப் பயந்து ஒவ்வொரு இரவும் ப்ளக்கைக் கழற்றுகிற வீட்டில் முழுப் பாரமும் பற்றரியின் தலையில். அதற்காகக் கழற்றாமல் விடாதீர்கள்: மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் ஊவா மலைகளில் விழும் மின்னல் ரூட்டரையும் தாய்ப்பலகையையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

திகதி சரி, இன்னும் திறக்கவில்லையா? விண்டோஸ் 7இல் ஓடும் மெஷினானால் குற்றம் உலாவியில் இருக்கலாம். கூகுள் குரோம் 2023 பெப்ரவரியில் வந்த 110ஆம் பதிப்போடு விண்டோஸ் 7ஐக் கைவிட்டது. ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால் ரூட்டர் முகவரி கொடுக்கவில்லை என்று பொருள். ரூட்டரை அணைத்து எழுப்புங்கள், விண்டோஸ் 10இல் நெட்வொர்க் ரீசெட் கொடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை இணைப்பு விழுந்து எழும்புகிறதென்றால், அடாப்டரின் ப்ரொபர்டீஸில் பவர் மேனேஜ்மென்ட் பகுதிக்குப் போய், மின்சாரத்தைச் சேமிக்க இதை நிறுத்தலாம் என்ற பெட்டியில் இருக்கும் சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள்.

கடவுச்சொல் சரியாகக் கொடுத்தும் உள்ளே விடவில்லையானால், ரூட்டர் டபிள்யூபிஏ3 என்ற புதிய பூட்டில் மட்டும் நிற்கலாம். 2018இல் வந்த அந்த முறை பழைய அடாப்டர் பலவற்றுக்கு விளங்காது. இந்த இடத்தில் பலர் செய்யும் பெரிய பிழை, பூட்டையே எடுத்துவிட்டு வைஃபையைத் திறந்து போடுவது. ஒரு வரிசையில் பத்துப் பன்னிரண்டு காம்பராக்கள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கிற லயத்தில் திறந்த வைஃபை என்றால், மாதத்து டேட்டா முதல் வாரத்திலேயே முடிந்துவிடும். யார் எதற்குப் பாவித்தார்கள் என்ற பொறுப்பும் உங்கள் பெயரில் விழும். டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்பதைத் தெரிவு செய்யுங்கள். டிகேஐபி என்ற பழையது வேண்டாம்; அதில் வேகமும் விநாடிக்கு 54 மெகாபிட்டுக்கு மேல் ஏறாது.

தகரமும் கருங்கல்லும்

மூடுபனி இறங்கினால் வைஃபை போய்விடும் என்று ஹப்புத்தளைப் பக்கம் பலர் நம்புகிறார்கள். வீட்டுக்குள் இருக்கும் வைஃபையைப் பனி தொடுவதில்லை. அதை மறிப்பது வீடுதான். பழைய லயங்களின் தடித்த கருங்கல் சுவரும், தலைக்கு மேல் இருக்கும் தகரமும் அலையை விழுங்கவும் திருப்பவும் செய்யும். கோபுரத்துச் சிக்னலுக்காக ரூட்டரை இஸ்தோப்பு யன்னலில் வைக்கிறோம். கம்ப்யூட்டரோ மழை ஒழுகாத உள் காம்பராவில், இரும்பு அலுமாரிக்குப் பக்கத்தில். யூஎஸ்பி அடாப்டர் பெட்டியின் முதுகில், சுவரைப் பார்த்து, இரும்புத் தகட்டின் நிழலில் கிடக்கிறது. ஒரு யூஎஸ்பி நீட்டிப்பு வயர் வாங்கி அடாப்டரை மேசைக்கு மேல் உயர்த்தி, கதவைப் பார்த்து வைத்தாலே சில வீடுகளில் கோளாறு தீர்ந்துவிடும்.

யாருக்கு நட்டம்?

இவ்வளவும் சின்னச் சின்னக் கோளாறுகள். விளைவு சின்னதல்ல.

பல்கலைக்கழக அனுமதிக்கான விண்ணப்பத்தை இணையத்தில்தான் நிரப்ப வேண்டும். பாடத்தெரிவு வரிசையை ஒருமுறைக்குப் பல முறை யோசித்து, ஆசிரியரிடம் கேட்டு, திருத்தி அனுப்ப வேண்டிய விண்ணப்பம் அது. வீட்டில் கம்ப்யூட்டர் வேலை செய்தால் பிள்ளை நிதானமாகச் செய்யும். வேலை செய்யாவிட்டால் டவுனில் இருக்கும் கொமியூனிகேஷன் கடையில், பின்னால் வரிசை நிற்க, பழக்கமில்லாத ஒருவர் கேட்டுக் கேட்டுத் தட்டுவார். எந்தப் பாடநெறியை எந்த இடத்தில் போடுவது என்ற முடிவு அவசரத்தில் எடுக்கப்படுகிறது. பதுளை நகரிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் பாடநெறிகளின் விவரத்தைக்கூட முழுதாகத் திறந்து பார்க்காமல் விண்ணப்பம் போகிறது. இந்த மண்ணின் பிள்ளைகள் இந்த இழப்பைச் சுமக்கக் கூடாது.

போன் இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. போனில் பார்க்கலாம், படிக்கலாம். பக்கக் கணக்கில் கட்டுரை தட்டவும், விரிதாளில் கணக்குப் போடவும், உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கிற பிள்ளை நிரல் எழுதிப் பழகவும் போன் போதாது. வீட்டில் மூன்று பிள்ளைகளும் ஒரு போனும் என்றால், இரவு நேரத்தில் அது மூத்தவனின் கையிலேயே இருக்கும். தங்கைகளுக்கு முறை வருவதற்குள் தூக்கம் வந்துவிடும். மூலையில் சேலையால் மூடிக் கிடக்கிற கணினியால் முதலில் பின்தங்குவது பெண்பிள்ளைதான் என்பதைத் தோட்டப் பாடசாலை ஆசிரியர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பணக் கணக்கும் இருக்கிறது. நல்ல யூஎஸ்பி அடாப்டர் ஒன்று ஓரிரு நாட்பேருக்குள் அடங்கும். "தாய்ப்பலகை போச்சு" என்ற ஒரு சொல்லை நம்பினால் மாதச் சம்பளமே போகும். உயிரோடிருக்கும் மெஷினைப் பழைய இரும்புக்குக் கொடுப்பதும் நடக்கிறது.

செய்யக்கூடியவர்கள்

கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ ஊருக்குப் பழைய கம்ப்யூட்டர் அனுப்பும் உறவுகளுக்கு: அனுப்புவதற்கு முன் அதன் வைஃபை ட்ரைவரை ஒரு பென் டிரைவில் போட்டுப் பெட்டிக்குள் ஒட்டிவிடுங்கள், அடாப்டரின் எண்ணை எழுதி மேலே ஒட்டுங்கள், ஒரு லேன் கேபிளும் புதிய 2032 பற்றரியும் கூடவே வையுங்கள்.

தோட்டப் பாடசாலை அதிபர்களுக்கும் தகவல் தொழில்நுட்ப ஆசிரியர்களுக்கும்: டிவைஸ் மேனேஜரைத் திறந்து பார்க்கத் தெரிந்த நாலு மாணவர்கள் தோட்டத்தின் ஒவ்வொரு டிவிஷனிலும் இருந்தால், பாதி வீட்டுக் கோளாறு பஸ் ஏறாது. ஒரு சனிக்கிழமை பிற்பகல் அதற்குப் போதும்.

தொழிற்சங்கங்களுக்கும் கோயில் நிர்வாகங்களுக்கும் நலன்புரிச் சங்கங்களுக்கும்: சனசமூக நிலையத்தில் இரண்டு யூஎஸ்பி அடாப்டர், ஒரு நீட்டிப்பு வயர், ஒரு லேன் கேபிள், லினக்ஸ் ஏற்றிய ஒரு பென் டிரைவ் வாங்கி வையுங்கள். பெயர் எழுதி இரவல் கொடுங்கள். பல்கலைக்கழக விண்ணப்பம் திறக்கும் மாதத்துக்கு முன் அவை அங்கே இருக்க வேண்டும்.